மூன்று வருடமாக என்னை ஏய்க்கும் பச்சை எண்

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஆப்ஷன் பண்ண எந்த ஆப் நல்லா இருக்கும்? நீங்க வச்சிருக்கிறது எப்படி?" நல்லா இருக்கு, இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். வாய் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன் மாப்ள" என்று வைத்துவிட்டேன். நாலு நாளாக அவன் மெசேஜுக்குப் பதில் போடாமல் இருக்கிறேன்.

ஆப்ஷன் என்பது பங்குச் சந்தையில் குறித்த விலைக்கு வாங்கும் அல்லது விற்கும் உரிமையையே சரக்காக வாங்கி விற்பது. ஆப் பெயர் வேண்டாம். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்குகிற வகையறாவில் ஒன்று. 2022 கடைசியில் கணக்குத் தொடங்கினேன். சார்ட், ஆப்ஷன் செயின், பாஸ்கெட் ஆர்டர் எல்லாம் எல்லாரிடமும் இருப்பதுதான், அதில் சொல்ல ஒன்றும் இல்லை. வேகத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கட்டைவிரலை எடுப்பதற்குள் ஆர்டர் போய் உட்கார்ந்துவிடுகிறது. (என் கட்டைவிரலுக்கு அத்தனை வேகம் நல்லதா என்பது வேறு பேச்சு.) மார்ஜின், அதாவது பிணையாகக் கட்ட வேண்டிய பணத்தின் கணக்கும் சுத்தம். ஹெட்ஜ் (நஷ்டத்துக்கு வரம்பு கட்டும் எதிர் ஆர்டர்) சேர்த்தால் அது எவ்வளவு குறையும் என்று ஆர்டர் போடும் முன்பே காட்டிவிடும்.

எனக்கு இருப்பது ஒரே ஒரு வயிற்றெரிச்சல். வாங்கி விற்றதைக் காட்டும் பொசிஷன் பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் ஒரு எண் நிற்கும். லாபமென்றால் பச்சை, நஷ்டமென்றால் சிவப்பு. அந்த எண்ணில் கட்டணம் எதுவும் கழித்திருக்காது. கட்டணக் கணக்கு ஆப்பில் இல்லாமல் இல்லை. மெனு, ரிப்போர்ட், தேதி, டவுன்லோட் என்று நாலு தட்டு தட்டினால் வரும். பொய்யை வாசலில் மாட்டிவிட்டு மெய்யைப் பரணில் போட்டு வைத்த மாதிரி.

நான் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். விற்ற விலையில் வாங்கின விலையைக் கழித்தால் வருவது லாபம் இல்லை, வாடகை, கரண்ட் பில், கடைப்பையன் சம்பளம் போய் மிஞ்சுவதுதான் லாபம் என்று இருபது வருடமாகத் தெரிந்தவன். தெரிந்தும் இரண்டு வருடத்துக்கு மேல் அந்தப் பச்சையைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். கடைக்கு ஒரு மூளை, போனுக்கு ஒரு மூளை போலிருக்கிறது.

2025 மார்ச்சில் ஒரு நாள் அது தெளிந்தது. அன்றைக்குக் கடையில் கூட்டம் இல்லை, கை சும்மா இருக்கவில்லை. பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டியின் ஆப்ஷனில் ஒரு லாட், ஒரு லாட்டாக 12 தடவை வாங்கி விற்றேன். லாட் என்றால் ஒரு கட்டு, அப்போது கட்டுக்கு 75. பிரீமியம், அதாவது ஒன்றின் விலை, 80 ரூபாய் சுமாருக்கு. எல்லாம் சேர்த்து வாங்கியது 72,000, விற்றது 72,640. மூன்றரை மணிக்கு ஆப்பில் 640 பச்சையாக நின்றது. வீட்டுக்குப் போகும்போது கறி தோசை பார்சல் கட்டினேன், வீட்டம்மாவுக்கு ரெண்டு முழம் மல்லிகை.

ராத்திரி மெயிலில் கான்ட்ராக்ட் நோட் வந்தது, அன்றைய வியாபாரத்தின் முழுக் கணக்குச் சீட்டு. ஏனோ அன்றைக்குத் திறந்தேன். அதைத் திறக்க பான் எண்ணை அடிக்க வேண்டும். அந்தச் சோம்பலிலேயே அதுவரை திறந்ததில்லை. புரோக்கரேஜ் 24 ஆர்டருக்கு 480. விற்ற பிரீமியத்தின் மேல் 0.1 சதவீதம் எஸ்.டி.டி. என்கிற பரிவர்த்தனை வரி, 73. வாங்கியதற்கும் விற்றதற்கும் சேர்த்து எக்ஸ்சேஞ்ச் கட்டணம் 50 சொச்சம். இந்தப் புரோக்கரேஜ், எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 95 சொச்சம். ஸ்டாம்ப் டியூட்டியும், சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கட்டணமும் சில்லறை. கூட்டினால் 701. ஆகமொத்தம் 61 ரூபாய் நஷ்டம். கறி தோசை தனி.

மறுநாளே கஸ்டமர் கேருக்குக் கோபமாக ஒரு மெயில் எழுதினேன். ஒரே நாளில் பதில் வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். கட்டணங்கள் நாள் முடிவில்தான் இறுதியாகும், அதனால் திரையில் காட்டுவதில்லை என்றார்கள். பாதி நியாயம். ஆனால் ஆர்டருக்கு 20 ரூபாய் என்பது நான் பட்டனை அழுத்துவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியுமே? அதையாவது கழித்துக் காட்டினால் என்ன, திரை உடைந்துவிடுமா?

இந்த எரிச்சலில்தான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. இந்த ஆப் எனக்குத் தந்ததிலேயே நல்லது அதுதான், அவர்கள் அதைத் தர நினைக்கவே இல்லை என்றாலும்.

மதுரை தல்லாகுளம் பக்கம் ஒரு டீக்கடையில் சந்தை முடிந்ததும் நாலு நாலேகாலுக்கு நாங்கள் ஐந்து பேர் கூடுவோம். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர், பாத்திரக்கடை அண்ணன், பேக்கரித் தம்பி, மெடிக்கல் ரெப் ஒருவர், நான். ஐந்து பேருக்கும் ஆப்ஷன்தான் பொதுப் பேச்சு. பேச்சு என்று சொல்வதே அதிகம். யாராவது ஒருவர் போனைத் திருப்பிப் பச்சையைக் காட்டுவார். "சூப்பர்ண்ணே" என்று மற்றவர்கள் சொல்வார்கள். சிவப்பு வந்தவர் வடையைப் பிய்த்துக்கொண்டு ரோட்டைப் பார்ப்பார். பத்து நிமிடத்தில் கலைந்துவிடுவோம். நஷ்டம் வந்தவன் அன்றைக்கு டீக்கடைக்கே வருவதில்லை என்பதும் உண்டு. அப்படி இரண்டு வருடம் ஓடியது.

அந்தக் கான்ட்ராக்ட் நோட்டை நான் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். ஆப்பைத் திட்டத்தான். டீ கிளாஸை ஓரம் தள்ளிவிட்டுப் பெஞ்சில் விரித்தேன். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். முப்பது வருடம் லெட்ஜர் பார்த்த விரல். "லாபம் இருக்கட்டும்ய்யா, செலவு எவ்வளவு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

பேக்கரித் தம்பி முகம் மாறிவிட்டது. தான் ஒரு நாளைக்கு நாற்பது ஆர்டர் போடுவதாக அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தான். புரோக்கரேஜ் மட்டும் 800. அதன் மேல் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 944. "எம்புட்டு பன்னு விக்கணும்ண்ணே இதுக்கு!" என்றான். பாத்திரக்கடை அண்ணன் விடவில்லை. வாங்கி விற்கிறவனுக்குத்தான் இந்தப் பாடு, தன்னைப் போல விற்றுவிட்டு தீட்டாவுக்கு, அதாவது நாள் போகப் போக ஆப்ஷன் விலை கரைவதற்கு, காத்திருப்பவனுக்கு ஆர்டரே குறைவு என்றார். "அதான் மூணு மாசத்து லாபத்தை ஒரே நாள்ல கொடுக்குறீங்களே" என்று ரெப் எடுத்துக் கொடுத்தார். பிடித்துக்கொண்டது சண்டை. இருட்டும் வரை கலையவில்லை. டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்க வந்த பிறகுதான் எழுந்தோம்.

அதிலிருந்து ஒரு சட்டம் போட்டோம். போனைத் திருப்பிக் காட்டக் கூடாது. காட்டினால் அன்றைய டீ, வடை அவர் கணக்கு. பேச வேண்டுமானால் கான்ட்ராக்ட் நோட்டைக் காகிதத்தில் கொண்டு வரவேண்டும். முதலில் செலவு, அப்புறம்தான் லாப நஷ்டம். காகிதத்தில் பச்சை கிடையாது, சிவப்பு கிடையாது. எல்லாம் கறுப்பு மசி. அதனாலோ என்னவோ, நஷ்டம் வந்தவர்களும் வர ஆரம்பித்தார்கள். சொல்லப்போனால் நஷ்டக் காகிதம்தான் அதிக நேரம் பெஞ்சில் இருக்கும். லாபக் காகிதத்தில் பேச என்ன இருக்கிறது?

காகிதம் வந்த பிறகு செய்திகளும் வேறு மாதிரி காதில் விழுந்தன. 2024 அக்டோபர் 1 முதல் எஸ்.டி.டி. 0.0625-இலிருந்து 0.1 ஆனது எங்களுக்கு வெறும் பட்ஜெட் செய்தியாக இருந்தது. இப்போது பழைய நோட்டையும் புது நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் சார். அதே வருட நவம்பரில் வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியின் வாராந்திர எக்ஸ்பைரியை (வாரா வாரம் ஆப்ஷன் காலாவதியாவதை) நிறுத்தியபோது கோபத்தில் குதித்தவன் பேக்கரித் தம்பி. அந்த எக்ஸ்பைரி நாளான புதன்கிழமைகளில் அவன் ஆர்டர் எண்ணிக்கையைப் பழைய காகிதங்களில் எண்ணிப் பார்த்துவிட்டு, நிறுத்தினது நல்லதுதான் என்று அவனே சொன்னான். ஒரு வாரம்தான், அப்புறம் மறுபடி திட்டினான்.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைச் சார் ஒரு நாள் கொண்டு வந்தார். மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம், சராசரி ஏறத்தாழ 2 லட்சம். "நூத்துக்கு ஏழு பேர் லாபம். நாம அஞ்சு பேர். கணக்குப்படி நம்மள்ல 0.35 ஆள்தான் லாபம்" என்றார். அந்த 0.35 யாருடைய தலை, யாருடைய கால் என்று ரெப் பங்கு போட ஆரம்பித்தார். எனக்கு அதில் பட்டது வேறு எண். 2023-24இல் ஒரு ஆள் கட்டணமாக மட்டும் சராசரி 26,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். என் ஆப்பின் பச்சை எண்ணில் வராத 26,000.

2025 ஜூலையில் அமெரிக்க வர்த்தக நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட் மீது செபி இடைக்கால உத்தரவு போட்டு 4,843 கோடியை முடக்கியபோது டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. எக்ஸ்பைரி நாளில் இன்டெக்ஸையே இழுத்து விளையாடியிருக்கிறார்கள் என்பது செபியின் குற்றச்சாட்டு. அந்த நிறுவனம் மறுத்து மேல்முறையீட்டுக்குப் போனது. "நம்ம காசு எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதா?" என்று பாத்திரக்கடை அண்ணன் மேசையைத் தட்டினார். சார் அவருடைய காகிதத்தையே எடுத்து நீட்டி, "ஸ்டாப் லாஸ் போடாம உக்காந்திருந்தது அவங்களா, நீங்களா?" என்றார். நஷ்டம் ஓர் அளவைத் தாண்டினால் தானே வெளியேற்றிவிடும் ஆர்டர் அது. இரண்டு நாள் அண்ணன் டீக்கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் நோட்டோடு வந்தார்.

சரி, ஆப்புக்கு வருகிறேன். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் 2025 மே 12-ஐயும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை, அழகர் ஆற்றில் இறங்கிய நாள். வெள்ளிக்கிழமை நிஃப்டி 24,008-இல் முடிந்திருந்தது, இந்தியா-பாகிஸ்தான் போர்ப் பதற்றம். 24,500 கால் ஆப்ஷனை (நிஃப்டி ஏறினால் இதன் விலையும் ஏறும், விற்றவனுக்கு அடி) விற்று, ஹெட்ஜாக 24,700 கால் ஆப்ஷனை வாங்கி வைத்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் சண்டை நிறுத்தம் அறிவித்துவிட்டார்கள். திங்கள் காலை சந்தை எகிறும் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் அழகரைப் பார்க்காமல் இருக்க முடியுமா? பார்த்துவிட்டு ஒன்பதே காலுக்குள் வெளியே வந்துவிடலாம் என்று போனேன். பச்சைப் பட்டில் வந்தார். பச்சை என்றால் அந்த வருடம் செழிக்கும் என்று சனம் நம்பும், நானும் கும்பிட்டேன். அப்புறம் பாலத்துக்கு இந்தப் பக்கமும் போக முடியவில்லை, அந்தப் பக்கமும் போக முடியவில்லை. லாகின் செய்தால் ஓ.டி.பி. வரவில்லை. டவரே இல்லை. சர்க்கரைச் சொம்போடு ஓர் அம்மா என் தோளில் சாய்ந்து நிற்கிறார், நான் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறேன். பக்கத்தில் இருந்தவர் நான் அழகரைப் படம் எடுப்பதாக நினைத்துக் குனிந்து வழிவிட்டார்.

கூட்டத்திலிருந்து பிதுங்கி வெளியே வந்து, ஓ.டி.பி. வந்து, ஆப் திறந்தபோது மணி பதினொன்று. நாலாயிரத்துச் சொச்சம் நஷ்டத்தில் வெளியேறினேன். அன்றைக்கு நிஃப்டி 916 புள்ளி ஏறி 24,924-இல் முடிந்தது. சும்மா விட்டிருந்தால் இன்னும் போயிருக்கும். ஆற்றங்கரையில் நின்று ஆப்பைக் கண்டபடி திட்டினேன். யோசித்தால் தப்பு ஆப்பின் மேல் இல்லை. ஹெட்ஜ் இல்லாமல் போகாதே என்று மார்ஜினைக் குறைத்துக் காட்டி என்னை 24,700 கால் ஆப்ஷனை வாங்க வைத்ததும் அதே ஆப்தான். "அழகர் ஆத்துல இறங்குனாரு, அண்ணன் நஷ்டத்துல இறங்குனாரு" என்று பேக்கரித் தம்பி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்த நாள் நோட்டைச் சார் தன் டைரிக்குள் வைத்திருக்கிறார், திருப்பித் தர மாட்டேன் என்கிறார்.

இத்தனை நல்லது சொன்ன பிறகு எத்தனை நட்சத்திரம்? நேற்றுக் கேட்டிருந்தால் நாலு. இன்றைக்குச் செவ்வாய், எக்ஸ்பைரி. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கை சும்மா இருக்காமல் எட்டு ஆர்டர். திரையில் 210 பச்சை. 160 புரோக்கரேஜ் என்று மனசுக்குள்ளேயே கழித்துவிட்டேன், மிச்சத்தை ராத்திரி மெயில் பார்த்துக்கொள்ளும். ஆகவே இரண்டு. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கழித்தல் குறி போட்டால் நாளைக்கே ஐந்து போடத் தயார்.

மாப்பிள்ளைக்குச் சற்றுமுன் பதில் அனுப்பிவிட்டேன்: "எந்த ஆப்பும் வேணாம் மாப்ள, படிக்கிற வேலையைப் பாரு." உடனே திருப்பிக் கேட்டான்: "நீங்க இன்னும் அதைத்தான் மாமா வச்சிருக்கீங்க?"

நாளைக்கு நாலு மணிக்கு டீக்கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.