அலோஃபிசெல்: வாங்காமலே எழுதுற ரிவ்யூ

எனக்கு க்ரோன்ஸ்ல (குடல்ல அழற்சியும் புண்ணும் வர்ற நாள்பட்ட நோய்) வந்த பவுத்திரம், ஒன்பது வருஷமா செட்டான் நூலோடதான் திரியுறேன். தெரியாதவங்களுக்கு சொல்றேன், ஆசனவாய்க்குப் பக்கத்துல குடல்லேருந்து தோல் வரைக்கும் எலி வளை மாதிரி ஒண்ணு ஓடும், அதுல சீழ் தேங்கக்கூடாதுன்னு சர்ஜன் ஒரு ரப்பர் நூலை உள்ள விட்டு வெளிய முடிச்சு போட்டு விட்டுருவாரு, பைக்ல உக்காரும்போதெல்லாம் அந்த முடிச்சு "நான் இங்கதாண்டா இருக்கேன்"னு குத்தும்.

அதனால 2018ல ஐரோப்பாவுல இந்த பவுத்திரத்துக்கான அலோஃபிசெல்ங்கற மருந்துக்கு அனுமதி கெடைச்சப்போ பாஸ்போர்ட்டை எடுத்து தேதி பாத்தவன் நான். ஆரோக்கியமா இருக்கற வேற ஆளோட கொழுப்புலேருந்து எடுத்த ஸ்டெம் செல், ஒரு டோஸுக்கு 12 கோடி செல், நாலு குப்பி. ஃப்ரிட்ஜ்லயும் வைக்கக்கூடாது, வந்ததும் போட்டுரணும். சர்ஜன் நூலை உருவிட்டு, வளையை நல்லா சொரண்டி கிளீன் பண்ணி, உள் ஓட்டையை தையல் போட்டு மூடி, பாதி மருந்தை அந்த ஓட்டையைச் சுத்தியும் மீதியை வளையோட சுவர்லயும் ஊசில ஏத்துவாரு. விலை? அங்க ஐம்பதாயிரம் யூரோவுக்கு மேல. பாஸ்போர்ட் திரும்ப பீரோவுக்குப் போயிருச்சு.

ரிசல்ட்டுக்கு வர்றேன். முதல் ட்ரயல்ல 212 பேர், 24 வாரம் கழிச்சு பாத்தா செல் போட்டவங்கள்ல சுமார் 50 சதவீதம் பேருக்கு ஆறியிருந்துச்சு, வெறும் உப்புத் தண்ணி போட்டவங்கள்ல 34. சூப்பர்னு நெனச்சேன். ஆனா 568 பேரை வெச்சு பண்ண ரெண்டாவது ட்ரயல்ல 48.8க்கு 46.3, அவ்ளோதான் வித்தியாசம். 2024 கடைசில ஐரோப்பாவுல கம்பெனியே வாபஸ் வாங்கிட்டாங்க.

எல்லாரும் ஃபெயில்னு சொல்றாங்க, நான் பாக்கறது அந்த 46ஐ. உப்புத் தண்ணி கோஷ்டிக்கும் அதே சொரண்டல், அதே தையல். அப்ப பாதி வேலையை சர்ஜன் கையே பண்ணிருக்குல்ல?

நடுவுல ஒரு கூத்து. இங்க ஒரு கிளினிக்ல, பேர் வேணாம், "உங்க தொப்பையிலேருந்தே செல் எடுத்து போட்ருவோம் சார், மூணரை லட்சம்"னாங்க. எத்தனை செல்னு கேட்டா "நிறைய சார்". ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 கைட்லைன்ல ரத்த நோய்களுக்குப் பண்ற மாற்று சிகிச்சையைத் தவிர மத்ததெல்லாம் ட்ரயல்ல மட்டும்தான்னு இருக்கே, இது ட்ரயலான்னு கேட்டேன், ரிசப்ஷன் பொண்ணு காபி வேணுமான்னு கேட்டுச்சு. காபி நல்லாருந்துச்சு.

அலோஃபிசெல்லுக்கு 5க்கு 2. ஐடியாவுக்கு ஒண்ணு, அதை நேர்மையா பெரிய ட்ரயல் வெச்சு பாத்து ரிசல்ட்டை வெளிய சொன்னதுக்கு ஒண்ணு.

அடுத்த மாசம் எம்ஆர்ஐ இருக்கு. வளை காஞ்சிருந்தா நூலை எடுத்துட்டு உள் ஓட்டையை தையல் போட்டு பாக்கலாம்னு டாக்டர் சொல்லிருக்காரு, செல் இல்லாம.