நெருப்பு நரி சரி, இந்தத் தண்டர்பேர்டைத்தான் என்ன செய்வது?

போன மாதம் கடைக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஜெராக்ஸ், டிடிபி, பிரெஞ்சுக் காகிதங்களை மொழிபெயர்த்துத் தருவது என்று ஓடுகிற சின்னக் கடை என்னுடையது. 2006-இலிருந்து வந்த மெயில் எல்லாம், தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருள் வழியாக, அந்த ஒரு டிஸ்க்கில்தான். சர்வீஸ் பையனிடம் கொடுத்துவிட்டு, புதிதாகப் போடும் எஸ்எஸ்டி டிஸ்க்குக்குக் காசு போகிறதே என்பதைவிட மெயில் போய்விடுமோ என்றுதான் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது. "அண்ணே, எல்லாம் எடுத்துட்டேன். ஆனா இன்பாக்ஸ்னு ஒரே ஃபைல், பதினோரு ஜிபி இருக்குண்ணே. அப்படி என்ன வெச்சிருக்கீங்க அதுல?"

என்ன வைத்திருக்கிறேன்? தண்டர்பேர்டைத் திறந்தால் இன்பாக்ஸில் நாற்பத்து மூன்று மெயில் இருக்கும். கடைக்கு வருகிற போட்டோ, ஆதார், பாஸ்போர்ட் நகல் எல்லாவற்றையும் பிரிண்ட் போட்ட அன்றைக்கே அழித்துவிடுகிற ஆள் நான். குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவேன்.

அதே வாரத்தில் கடலூரிலிருந்து மச்சான் கூப்பிட்டான். மஞ்சக்குப்பத்தில் கணக்கு எழுதும் ஆபீஸில் வேலை. குரோமில் அவன் வைத்திருந்த, விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் வேலை செய்யாமல் போய்விட்டதாம். "மாமா, நீங்க என்ன வெச்சிருக்கீங்க? நானும் அதையே போட்டுக்கறேன்." இரண்டும் சேர்ந்துதான் இதை எழுத வைத்தன.

பிரவுசரை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை.

கடை திறந்தபோது எக்ஸ்பி, அதோடு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6. நெருப்பு நரிக்கு, அதாவது ஃபயர்பாக்ஸ் பிரவுசருக்கு, மாறியது டேப் வசதிக்காகத்தான். ஆனால் தமிழ் படிக்கிறவனுக்கு அப்போது அதில் ஒரு கொடுமை இருந்தது. இரண்டு ஓரமும் நேராக வரும்படி ஜஸ்டிஃபை செய்த பக்கத்தைத் திறந்தால் எழுத்து உடைந்துவிடும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி வட்டமாகத் தனியே மிதக்கும். டிடிபி செய்கிறவன் கண்ணுக்கு அது பல்லில் மணல் மாதிரி. தமிழ்ப் பக்கம் என்றால் எக்ஸ்புளோரர், மற்றதெல்லாம் நரி என்று இரண்டு வருடம் ஓட்டினேன். 2008 ஜூன் 17-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. ஒரே நாளில் 80 லட்சம் பேருக்கு மேல் இறக்கி கின்னஸில் ஏறிய பதிப்பு அது. அந்த 80 லட்சத்தில் நானும் ஒருவன். எழுத்து உடையவில்லை. அன்றைக்கு ஒரு பழைய தமிழ்ப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, படிக்காமல் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது.

அதற்கப்புறம் அது என்னைக் கோபப்படுத்தியது ஒரே தடவைதான். 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்பு வந்தபோது பழைய ஆட்-ஆன் (பிரவுசரில் நாம் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதி) எல்லாம் ஒரே ராத்திரியில் செல்லாக்காசாயின. வேகம் கூடியது என்னவோ உண்மை. ஒரு வாரம் திட்டினேன், அப்புறம் பழகிவிட்டது.

மச்சானுக்குச் சொன்ன விஷயம் இதுதான். குரோம் வேண்டாம் என்று எட்ஜுக்கோ பிரேவுக்கோ ஓபராவுக்கோ போனாலும் உள்ளே ஓடுவது குரோமுக்கு அடிப்படையான அதே குரோமியம்தான். ஓபரா 2013-இலேயே மாறிவிட்டது, எட்ஜ் 2020-இல். கடை போர்டு வேறே தவிர மாவு அரைப்பது ஒரே இயந்திரம். விண்டோஸில் சொந்த எஞ்சினோடு நிற்கிற பெரிய பிரவுசர் ஃபயர்பாக்ஸ் மட்டும்தான். குரோம் ஆட்-ஆன் விதிகளை மாற்றியதில் யூபிளாக் ஆரிஜினின் முழு வடிவம் அங்கே நின்றுபோய், 'லைட்' மட்டும் மிஞ்சியது. இங்கே முழுசாக ஓடுகிறது. விளம்பரம் கண்ணை உறுத்துவது எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை. ஏதாவது விண்ணப்பப் படிவத்தை இறக்கப் போனால் பக்கத்தில் பச்சை நிறத்தில் நாலு 'டவுன்லோடு' பொத்தான் இருக்கும், அதில் மூன்று விளம்பரம். வாடிக்கையாளர்கள் மிகச் சரியாக அந்த மூன்றில் ஒன்றைத்தான் அழுத்துவார்கள். அதனால் கடையில் விளம்பரத் தடுப்பு எனக்கு ஆன்ட்டிவைரஸில் பாதி.

இன்னொரு சுகம் கன்டெய்னர். ஒரே ஜன்னலில் பச்சை டேபில் கடை ஜிமெயில், நீல டேபில் என் சொந்த ஜிமெயில். ஒன்றின் குக்கி மற்றதற்குத் தெரியாது. சில அலுவல் தளங்கள் இன்னும் 'குரோமில் திறக்கவும்' என்று அடம்பிடிக்கின்றன. அதற்கென்று எட்ஜ் ஒரு மூலையில் கிடக்கிறது. பொதுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரைவேட் ஜன்னலை மூடினால் ஹிஸ்டரிதான் போகும், இறக்கிய ஃபைல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே உட்கார்ந்திருக்கும். என் கடையில் சாயங்காலம் அந்த ஃபோல்டரைத் திறந்தால் பாதி ஊரின் ஆதார் கிடக்கும்.

சரி, தண்டர்பேர்டு.

விண்டோஸோடு அப்போது வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மெயில் மென்பொருளிலிருந்து தப்பித்து வந்தவன் நான். 2001-இல் நிம்டா வைரஸ் வந்த காலத்துக் கதை தெரிந்தவர்களுக்குப் புரியும். அட்டாச்மென்ட்டைத் தொடக்கூட வேண்டாம், மெயில் ஓரத்து ஜன்னலில் தெரிந்தாலே வைரஸ் ஓடிவிடும். தண்டர்பேர்டு வெளியிலிருந்து வரும் படத்தைத் தானாகக் காட்டாது. புள்ளி அளவு படம் ஒன்றை உள்ளே வைத்து, நீங்கள் மெயிலைத் திறந்ததை அனுப்பியவன் தெரிந்துகொள்கிற வேலை இதனால் நடக்காது. லிங்க்கின் மேல் கர்சரை வைத்தால் உண்மையான முகவரி கீழே தெரியும்.

இந்தக் கடைசி விஷயம் புதுச்சேரியில் எவ்வளவு பெரிது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் இங்கே உண்டு. உயிரோடு இருக்கிறேன் என்று அவர்கள் வருடா வருடம் சான்று அனுப்ப வேண்டும். 'சான்று வரவில்லை, பென்ஷன் நிற்கும், இங்கே அழுத்தவும்' என்று பிரெஞ்சில் ஒரு மெயில் வந்தால் கை நடுங்கத்தானே செய்யும்? அப்படி ஒரு பாட்டி போனை நீட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். எனக்கு ஃபார்வர்டு செய்யச் சொல்லி, என் திரையில் லிங்க்கின் மேல் கர்சரை வைத்துக் காட்டினேன். மேலே எழுதியிருந்தது பென்ஷன் அலுவலகம், கீழே தெரிந்தது சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு முகவரி. பாட்டி மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "திருட்டுப் பசங்க" என்று மட்டும் சொன்னார்.

மோசடியாக இருக்கலாம் என்று மேலே ஒரு எச்சரிக்கைப் பட்டையும் வரும். அதை நம்புவதில்லை. நல்ல மெயிலுக்கும் புலி வருது என்று கத்திக் கத்தி, இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்புறம் ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 ராத்திரி புயல் இங்கேதான் கரை ஏறியது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், நெட் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு கான்சுலேட் சந்திப்புக் கடிதத்தில் இருந்த நேரமும் எண்ணும் வேண்டும், ஆனால் அவர் போனில் மெயில் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தக் கடிதத்தை அவர் எனக்கும் அனுப்பி வைத்திருந்தார், என் லேப்டாப்பில் பேட்டரி இருந்தது. தண்டர்பேர்டு மெயிலின் முழு நகலையும் நம்மிடமே வைத்திருப்பதால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தேடி எடுத்துக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு யாராவது மதிப்பெண் கேட்டிருந்தால் ஐந்துக்கு ஆறு போட்டிருப்பேன்.

இப்போது அந்தப் பதினோரு ஜிபி.

கணக்கு நோட்டில் ஒரு வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டால் நோட்டின் கனம் குறையுமா? தண்டர்பேர்டு வேலை செய்வதும் அப்படித்தான். இன்பாக்ஸ் என்பது ஒரே நீளமான ஃபைல். மெயிலை அழித்தால் அந்த இடத்தில் 'இது அழிந்தது' என்று குறி வைக்கும், கண்ணுக்குக் காட்டாது, அவ்வளவுதான். எழுத்து அப்படியே இருக்கும். நோட்டை மறுபடி புதிதாக எழுதினால்தான் அடித்த வரி போகும். அதற்குப் பெயர் 'காம்பாக்ட்'.

சுருக்கட்டுமா என்று தண்டர்பேர்டு என்னைக் கேட்கவில்லையா என்றால், கேட்டது. எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. 'சுருக்கினால் டிஸ்க்கில் இவ்வளவு இடம் மிச்சமாகும், சுருக்கட்டுமா?' சரியாகக் கடையில் நாலு பேர் நிற்கும்போது, ஒருவர் கையில் டோக்கனோடு அவசரப்படும்போது வரும். டிஸ்க்கில்தான் இடம் நிறைய இருக்கிறதே என்று நான் 'வேண்டாம்' அழுத்துவேன். இடம் மிச்சமாகும் என்று சொன்ன அந்தப் பெட்டி, 'நீ அழித்ததாக நினைப்பது இன்னும் அழியவில்லை' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

சந்தேகம் தீர, பெரிய ஃபைலைத் திறக்கும் எடிட்டர் ஒன்றில் திறந்து பார்த்தேன். 2019-இல் ஒரு பெண் தன் விவாகரத்துத் தீர்ப்பை மொழிபெயர்க்க அனுப்பியிருந்தார். வேலை முடிந்ததும், "அண்ணா, அழிச்சிடுங்க" என்று எதிரிலேயே நின்று அழிக்க வைத்துவிட்டுத்தான் போனார். தேடினேன். பெயர், தேதி, பொருள் வரி எல்லாம் அப்படியே இருந்தன. அட்டாச்மென்ட் புரியாத எழுத்துக் குவியலாக அதன் கீழே பக்கம் பக்கமாக ஓடியது, பிரித்தெடுக்கத் தெரிந்தவனுக்கு அது பிடிஎஃப். இந்த ஃபைல் மூன்று நாள் சர்வீஸ் கடையில் இருந்தது. பையன் நல்லவன். அதுவா பாதுகாப்பு?

பிரைமரி பாஸ்வேர்டு போட்டிருந்தேனே என்று நினைத்தேன். அது சேமித்த பாஸ்வேர்டுகளை மட்டும்தான் பூட்டும், மெயில் ஃபைலைப் பூட்டாது. டிஸ்க்கையே என்கிரிப்ட் செய்தால்தான் உண்டு. இதையெல்லாம் இருபது வருடம் கழித்துத் தெரிந்துகொண்டதற்கு யாரைத் திட்டுவது? பாதி என் தப்பு. பாதிதான்.

அன்று ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு, இன்பாக்ஸின் மேல் வலது கிளிக் செய்து 'காம்பாக்ட்' கொடுத்தேன். பழைய ஃபைலுக்குப் பக்கத்திலேயே புது ஃபைலை எழுதும் என்பதால் டிஸ்க்கில் காலி இடம் வேண்டும். நடுவில் ஆன்ட்டிவைரஸ் மூக்கை நுழைத்தால் 'என்எஸ்டிஎம்பி' என்று பெயர் வைத்த அநாதை ஃபோல்டர் ஒன்று நிற்கும். எனக்கும் ஒன்று நின்றது, இரண்டாம் தடவையில் முடிந்தது. பதினோரு ஜிபி, நாற்பத்தெட்டு எம்பி ஆனது.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். விண்டோஸோடு வந்த மெயில் செயலி 2024 கடைசியோடு நின்றுபோனது. அதற்குப் பதிலாக வந்த புது அவுட்லுக்கில் வேறு நிறுவனத்து மெயில் கணக்கைச் சேர்த்தால் அந்த மெயிலின் நகல் மைக்ரோசாஃப்ட் சர்வருக்கும் போகிறது. விவால்டி பிரவுசருக்குள்ளேயே மெயில் இருக்கிறது, பார்த்தேன், கை பழகவில்லை. 2022 மே மாதக் கடைசியில் ஜிமெயில் பழைய பாஸ்வேர்டு முறையை நிறுத்தியபோது கூட தண்டர்பேர்டில் சர்வர் அமைப்பில் 'ஓஆத்2' (கூகுள் பக்கத்திலேயே உள்நுழைந்து அனுமதி தரும் முறை) என்று மாற்றி, குக்கியை அனுமதித்ததும் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. புது எஸ்எஸ்டியில் மெயிலும் அமைப்புகளும் இருக்கும் பழைய புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே ஒட்டியதும் 2006-இன் முதல் மெயில் வரை எல்லாம் அதனதன் ஃபோல்டரில் வந்து நின்றது. நன்கொடையில் ஓடுகிற இலவச மென்பொருள் இது. வேறு எதுவும் எனக்கு இவ்வளவு செய்ததில்லை.

மச்சானிடம் கடைசியாகச் சொன்னது: ஃபயர்பாக்ஸ் போடு, யூபிளாக் போடு. தண்டர்பேர்டு வேண்டாம், மெயிலை பிரவுசரிலேயே பார். ஐந்துக்கு இரண்டுகூடத் தர மாட்டேன்.

"அப்போ நீங்க மட்டும் ஏன் மாமா வெச்சிருக்கீங்க?"

"என்னை விடுடா" என்றேன். அந்தப் பெண்ணின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன், இப்போதுதான் உண்மையாகவே அழித்தேன் என்று சொல்ல. சொன்னால் என்ன நினைப்பாரோ என்று இன்னும் கூப்பிடவில்லை.