பெரட்டும் செக்ரோலும்: புலனம், டெலிகிராம், முகநூல், கூகுள் ஷீட் ஒரு கோயில் குழுவின் கையில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து எல்லாரும் பசியாறிய பிறகு, ஒரு மணி நேரம் கைப்பேசி வகுப்பு நடத்துகிறோம். வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதை ஒட்டியவர்கள். பால்மரத் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் செம்பனைக்கு மாறியபின் ஆளுக்கொரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிபோனவர்கள். பழைய தோட்டத்து ஆட்களை இன்னும் ஒரே இடத்துக்கு வரவழைப்பது இந்தக் கோயில்தான்.

வகுப்பில் முதலில் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “இத்தனை இருக்கே தம்பி, எதைக் கத்துக்கிட்டா போதும்?” என்ன வேலைக்கு என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். அதை விளக்கத் தோட்டத்துச் சொற்கள் இரண்டு எனக்குக் கைகொடுக்கின்றன: பெரட்டு, செக்ரோல். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடுவார்கள். யார் எந்த நிரைக்கு, அதாவது மர வரிசைக்குப் போவது என்று மண்டோர் (மேற்பார்வையாளர்) உரக்கச் சொல்லுவார். கேட்டுவிட்டுக் கலைந்து போவார்கள். செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு கிராணியின் (எழுத்தரின்) கையில் இருக்கும். அதில் பேர் விழுந்தால்தான் மாதக் கடைசியில் சம்பளம். இயங்கலையில் நாம் பயன்படுத்தும் செயலிகளும் ஒன்று பெரட்டு வேலை பார்க்கும், இல்லையென்றால் செக்ரோல் வேலை பார்க்கும். ஒன்றின் வேலையை மற்றதன் தலையில் கட்டும்போதுதான் சிக்கல் வருகிறது.

எங்களுக்கு வந்தது. சென்ற திருவிழாவுக்கு முழு ஏற்பாட்டையும் புலனத்தில்தான் செய்தோம். வாட்ஸ்அப்பைத்தான் இங்கே புலனம் என்கிறோம். அன்னதானத்துக்கு அரிசி நான் தருகிறேன் என்று ஒருவர் காலையில் எழுதினார். அதற்கு மேல் முப்பது வணக்கப் படங்கள், ஒரு பிறந்தநாள் வாழ்த்து, இரண்டு இரங்கல் செய்தி. மாலையில் குழுவைத் திறந்த இன்னொரு வீட்டார் அரிசியைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். திருவிழாவன்று அரிசி இரட்டிப்பாக வந்து இறங்கியது, எண்ணெய் யாருமே வாங்கவில்லை. அதைவிட மனத்தை உறுத்தியது வேறு. 50 வெள்ளி (ரிங்கிட்) உபயம் கொடுத்த ஒரு பாட்டியின் பெயர் பலகையில் விடுபட்டுப்போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பலகையின் முன்னால் நின்று மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்ததை நான் பார்த்தேன்.

புலனமும் டெலிகிராமும்

அதற்காகப் புலனத்தைக் குறை சொல்ல மாட்டேன். பெரட்டுக்கு அதை அடிக்க ஆளில்லை, ஏனென்றால் எல்லாரும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம், எங்கள் ஊருக்கு அது தாராளம். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் அம்மாக்கள் குரல் பதிவு அனுப்புகிறார்கள். செம்பனைக்குள் வேலையாக இருப்பவருக்கு அலை இல்லாவிட்டாலும், சாலைக்கு வந்ததும் செய்தி வந்து விழுந்துவிடும். வகுப்பில் இதற்கு நான் சொல்லித்தருவது நான்கே விஷயம்: முக்கியச் செய்தியைப் பொருத்திவைப்பது, தவறாக அனுப்பியதை எல்லாருக்கும் அழிப்பது (ஏறக்குறைய இரண்டு நாள் அவகாசம் உண்டு), 15 நிமிடத்துக்குள் திருத்துவது, இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கான பின் எண்ணைப் போடுவது. நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணைத் தெரிந்தவர் பெயரில் கேட்டு வாங்கி, கணக்கையே பறித்துக்கொண்டு, நம் பெயரில் எல்லாரிடமும் கடன் கேட்பார்கள். பணம் போய்விட்டால் உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு எண்ணுக்கு அழைக்க வேண்டும். இந்த எண்ணை மண்டபத்துச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.

புலனத்தின் குறை அதன் ஞாபகத்தில் இருக்கிறது. புதிதாகச் சேர்பவருக்கு அதற்கு முன் பேசிய முழுக்கதையும் கிடைக்காது. கைப்பேசி ஆற்றில் விழுந்தால், காப்பு எடுத்துவைக்காதவருக்கு எல்லாம் போயிற்று. காப்பு எடுத்தாலும் ஆண்ட்ராய்டில் அது கூகுள் கணக்கின் 15 ஜிபி இடத்தைத்தான் தின்கிறது. பேரப்பிள்ளைகள் அனுப்பும் காணொளிகளால் அது நிரம்பிவிட்டால் அந்தக் கணக்குக்கு மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். எங்கள் செயலாளர் அக்காவுக்கு இப்படித்தான் ஒரு மாதம் எந்தக் கடிதமும் வரவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு ஞாயிறு முழுவதும் ஆனது.

இந்த இடத்தில் இளையவர்கள் டெலிகிராமைக் கொண்டுவருகிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செய்திகள் கைப்பேசியில் இல்லாமல் அவர்களுடைய சர்வரில் இருப்பதால், கைப்பேசி மாறினாலும் உள்ளே நுழைந்தவுடன் எல்லாம் அப்படியே இருக்கும். குழு நிர்வாகி அனுமதித்தால், நேற்றுச் சேர்ந்தவரும் முதல் நாளிலிருந்து படிக்கலாம். ஒரே குழுவுக்குள் அன்னதானம், அலங்காரம், கணக்கு என்று தனித்தனித் தலைப்பு போட்டுக்கொள்ளலாம். இவற்றையெல்லாம்விட ஒன்று எனக்குப் பெரிதாகப்பட்டது. டெலிகிராமில் நம் எண்ணை மறைத்துக்கொள்ளலாம். எங்கள் கோயில் குழுவில் சேர மறுத்த இளம்பெண்கள் சிலர் சொன்ன காரணமே, முகம் தெரியாதவர்களிடம் எங்கள் எண் போய்விடுகிறது என்பதுதான். பெரியவர்கள் முதலில் இதைப் புரிந்துகொள்ளவில்லை. ஒரு தங்கை, நடு இரவில் தனக்கு வந்த ஹாய்களைக் காட்டிய பிறகு புரிந்தது.

ஆனால் டெலிகிராமை முழுதாக ஏற்கவும் எனக்கு மனமில்லை. புலனத்தில் குழுப் பேச்சு முழுவதும் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டப்பட்டிருக்கிறது. டெலிகிராமில் அந்தப் பூட்டு இருவருக்கு இடையிலான ரகசிய உரையாடலுக்குத்தான், குழுவுக்கு இல்லை. அப்புறம், தெரியாத குழுக்களில் நம்மைக் கேட்காமல் சேர்த்துவிடுவார்கள். நூறு வெள்ளி போட்டால் வாரத்தில் ஆயிரம் என்று ஆசைகாட்டும் முதலீட்டுக் குழுக்கள் அங்கே ஏராளம். அமைப்பில் போய், யார் என்னைக் குழுவில் சேர்க்கலாம் என்ற இடத்தில் தொடர்பில் உள்ளவர்கள் என்று மாற்றாமல் எந்தப் பெரியவர் கையிலும் டெலிகிராமைக் கொடுக்காதீர்கள் என்று என் மாணவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

முகநூலுக்கு எங்கள் வேலையில் ஒரே ஓர் இடம்தான் உண்டு, ஆனால் அந்த இடத்தில் அதற்கு ஈடு எதுவும் இல்லை. கிள்ளானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட தோட்டத்துப் பிள்ளைகளை அதுதான் தேடிப்பிடித்துத் தருகிறது. பழைய லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எங்கள் மூடிய குழுவில் போட்டோம். மூன்றே நாளில் படத்தில் இருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேரை அடையாளம் சொல்லிவிட்டார்கள். புலனத்தில் அந்தப் படம் அன்று மாலையே மறைந்திருக்கும். கூட்ட அறிவிப்புக்கு மட்டும் முகநூலை நம்பாதீர்கள். எதை முதலில் காட்டுவது என்பதை அதுவே தீர்மானிப்பதால், ஞாயிறு கூட்டத்தைப் பற்றிய செய்தி சிலருக்குச் செவ்வாய்க்கிழமைதான் கண்ணில் படும்.

காணொளிக் கூட்டம் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. இலவசக் கணக்கில் ஸூம் 40 நிமிடத்திலும், மூவர் முதல் உள்ள கூகுள் மீட் 60 நிமிடத்திலும் முடிந்துவிடும். புலன அழைப்பில் 32 பேர் சேரலாம். எங்கள் செயற்குழுவில் 14 பேர், புலனமே போதும்.

செக்ரோல்

பலர் சேர்ந்து எழுதக்கூடிய இணையக் கணக்கேடான கூகுள் ஷீட்டைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்லவேண்டும். எங்கள் குழுவை மாற்றியது அதுதான்.

எங்கள் பொருளாளர் ஒரு காலத்தில் தோட்டத்துக் கிராணி. எழுபதைத் தாண்டியவர். நீலக் கோடு போட்ட பேரேட்டில் அவர் எழுதிய கணக்கில் அடித்தல் திருத்தல் பார்க்க முடியாது. அவரை ஷீட்டின் முன்னால் உட்காரவைத்த அன்று, விரலைத் திரைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார், தொடவே இல்லை. “நான் எதையாவது தொட்டு, ஊர்க் கணக்கு அழிஞ்சிட்டா?” என்றார். விளக்கம் சொல்லிப் பயனில்லை என்று தோன்றியது. மடிக்கணினியில் உபயக் கணக்கின் ஒரு நகலைத் திறந்து, அவர் கண் முன்னாலேயே தொகை நிரல் முழுவதையும் அழித்தேன். ஐயா எழுந்தே விட்டார். பிறகு கோப்புப் பட்டியலில் பதிப்பு வரலாற்றைத் திறந்து காட்டினேன். யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எதை மாற்றினார் என்று வலப்பக்கம் வரிசையாக நின்றது. ஐந்து நிமிடத்துக்கு முந்தைய பதிப்பைத் தொட்டு மீட்டதும் எல்லாத் தொகையும் திரும்பி வந்தன. அவர் மெதுவாக உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “அப்போ இது கிழிக்க முடியாத புத்தகம்னு சொல்லு.” அன்றிலிருந்து அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்லித்தருகிறார்.

அந்த ஒரு வசதிக்காகவே, எக்செல் கோப்பைப் புலனத்தில் சுற்றுக்கு விடுவதை நிறுத்தச் சொல்வேன். அனுப்பும் ஒவ்வொரு முறையும் அது ஒரு நகலாகிறது. நால்வர் கையில் நான்கு கணக்கு, எது சரி என்று யாருக்கும் தெரியாது. மைக்ரோசாஃப்டிலும் ஒரே கோப்பில் சேர்ந்து எழுதலாம், ஆனால் அவர்களுடைய சேமிப்பிடமான ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபிதான். எங்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது பள்ளிகள் மூடப்பட்டு, கல்வி அமைச்சின் டெலிமா என்ற இயங்கலைக் கற்றல் தளம் வந்ததிலிருந்து தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூகுள் கருவிகள் பழகிவிட்டன. தாத்தாவுக்குச் சந்தேகம் என்றால் கேட்க வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

யாருக்கு என்ன உரிமை என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். எங்களிடம் திருத்தும் உரிமை மூவருக்கு, கருத்துச் சொல்லும் உரிமை செயற்குழுவுக்கு, பார்க்கும் உரிமை உபயதாரர் அனைவருக்கும். இதே ஊரின் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளர்களின் சிறு சந்தாக்களைச் சேர்த்துத் தோட்டம் வாங்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்கள் பெரியவர்கள். கொடுத்தவர் பெயரும் தொகையும் எழுத்தில் நிற்கவேண்டும் என்பதை நான் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பார்க்கும் இணைப்பு ஊரெல்லாம் போகும் என்பதால் அதில் அடையாள அட்டை எண்ணோ தொலைபேசி எண்ணோ வைக்காதீர்கள். அதற்குத் தனிக் கோப்பு.

ஷீட்டின் குறைகளும் உண்டு. கைப்பேசியின் சின்னத் திரையில் கட்டங்களைத் தொடுவது பெரியவர்களுக்குக் கடினம். பதிப்பு வரலாறு, பூட்டிய பகுதி போன்றவற்றுக்கு மடிக்கணினிதான் வசதி. அலை இல்லாத இடத்தில் பார்க்கவேண்டுமானால் முன்கூட்டியே அந்தக் கோப்பை இணையமின்றியும் கிடைக்கும்படி குறித்துவைக்க வேண்டும்.

மொழிச் சிக்கலும் இங்கேதான் வெளியே வந்தது. எங்கள் குழுவில் சிலர் தமிழ் எழுத்தில் உபயம் என்று எழுதுவார்கள், சிலர் அதையே ரோமன் எழுத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள், மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள் மலாயில் டெர்மா (நன்கொடை) என்பார்கள். புலனத்தில் தேடினால் ஒருபோதும் எல்லாம் கிடைக்காது. ஷீட்டில் மேல் வரியில் தலைப்பை ஒருமுறை எழுதிவிட்டு, வகைக்கு ஒரு கீழிறங்கு பட்டியல் வைத்தோம். யாரும் எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை, தொட்டால் போதும். பெயரைத் தமிழில் எழுதச் சிரமப்படுபவர்கள் ஜிபோர்டு விசைப்பலகையில் ஒலிவாங்கியைத் தொட்டுச் சொல்கிறார்கள். அதில் மலேசியத் தமிழ் என்றே ஒரு தேர்வு இருக்கிறது. ஊர்ப் பெயர்கள் சிலவற்றில் தடுமாறும், ஆனாலும் விரலால் தட்டுவதைவிட வேகம்.

இப்போது எங்கள் ஏற்பாடு இதுதான். அறிவிப்பும் பேச்சும் புலனத்தில், உபயமும் செலவும் ஷீட்டில், ஊரைவிட்டுப் போனவர்களுக்கு முகநூல். இளையவர்களின் அலங்காரக் குழு மட்டும் டெலிகிராமில் இயங்குகிறது, அவர்கள் விருப்பம். ஷீட்டின் இணைப்பைப் புலனக் குழுவில் பொருத்திவைத்திருக்கிறோம். உபயம் தருகிறேன் என்று யாராவது பேச்சில் எழுதினால், மூவரில் ஒருவர் அதைக் கணக்கில் ஏற்றிவிட்டு, “பேர் விழுந்தாச்சு” என்று பதில் போடவேண்டும். பொத்தான் கைப்பேசியோடு நின்றுவிட்ட சில பெரியவர்களுக்குச் செயலாளர் அக்கா தொலைபேசியில் வாசித்துக் காட்டுகிறார்.

ஒன்றே ஒன்றைத் தாமதமாகத்தான் சரிசெய்தோம். அந்த ஷீட் என் சொந்தக் கணக்கில் இருந்தது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊர்க் கணக்கும் என்னோடு பூட்டிக்கொள்ளும். ஆகவே கோயில் பெயரில் ஒரு கூகுள் கணக்கு திறந்து, கோப்பை அதன் உடைமையாக மாற்றினோம். இரண்டு ஆண்டு தொடாமல் விட்டால் கூகுள் கணக்கையே நீக்கிவிடலாம் என்பதால் ஒவ்வொரு செயற்குழுக் கூட்டத்திலும் அதைத் திறந்து பார்ப்பது நிகழ்ச்சி நிரலின் முதல் வரி. மீட்பு எண்ணாகச் செயலாளர் அக்காவின் எண்ணைக் கொடுத்திருக்கிறோம். கடவுச்சொல்லைக் கிராணி ஐயா தன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அம்மன் நகைப்பெட்டிச் சாவி இருக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.