அமெரிக்கக் குடும்ப விசா: தாய்மாமா போட்ட மனு முதல் மாமனாரின் கிரீன் கார்டு வரை

2008 முதல் எங்கள் வீட்டில் யாராவது ஒருவருடைய குடியேற்ற மனு நிலுவையில் இருந்துகொண்டே இருக்கிறது. நாங்கள் வந்தது தாய்மாமாவின் மனுவில். அப்புறம் அண்ணனுக்கு அம்மா போட்டது, என் கணவருக்கு நான் போட்டது, மாமனார் மாமியாருக்கு என் கணவர் போட்டது. இதைப் பார்த்துவிட்டு உறவினர்களும் நண்பர்களும் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் வழக்கறிஞர் இல்லை, யாருக்கும் சட்ட ஆலோசனை சொல்வதில்லை. இத்தனை காலம் இந்த விசா முறையைப் பயன்படுத்திய அனுபவத்தில், குடும்பங்கள் எதை முதலில் தெரிந்துகொண்டால் நல்லது என்று எனக்குத் தோன்றுவதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது வகை. மனுப் போடுகிற ஸ்பான்சர் சிட்டிசனா, கிரீன் கார்டுதாரரா? வருபவர் கணவன் மனைவியா, பெற்றோரா, 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளையா, உடன்பிறந்தவரா? கல்யாணம் ஆனவரா? இந்தக் கேள்விகளின் பதில்தான் ஓர் ஆண்டா, இருபது ஆண்டா என்பதைத் தீர்மானிக்கிறது. சிட்டிசனின் கணவன், மனைவி, 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. மற்ற எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த வரிசையை நாங்கள் நின்றே பார்த்தோம். தொண்ணூறுகளின் நடுவில் தாய்மாமா அம்மாவுக்குப் போட்ட எஃப்4 மனு, 2008 இல்தான் விசாவாக வந்தது. எஃப்4 என்பது சிட்டிசனின் உடன்பிறந்தவர்களுக்கான வகை. ஆண்டுக்கு 65,000 விசாக்கள், அதற்கு மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் 7 சதவீத வரம்பு. யாருடைய முறை வந்திருக்கிறது என்று மாதந்தோறும் வரும் அறிவிப்புக்கு விசா புல்லட்டின் என்று பெயர். 2025 இல் வெளியானவற்றில் இந்தியாவுக்கான எஃப்4 தேதி 2006 இல் இருந்தது, 2006 இல் மனுப் போட்டவர்களுக்குத்தான் அப்போது முறை வந்திருந்தது. அதாவது இன்று தம்பிக்கு மனுப் போடுகிறவர், தம்பி மகன் கல்லூரி முடித்த பிறகு விசா வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். போட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். போட்டுவிட்டு, அங்கே வீடு கட்டுவதையும் பிள்ளைகளைச் சேர்ப்பதையும் வழக்கம்போலச் செய்யச் சொல்லுங்கள். வரிசைக்காக வாழ்க்கையை நிறுத்தி வைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

எங்கள் அண்ணன் கதை அதனால்தான் முக்கியம். விசா வந்தபோது எனக்கு 17, அவனுக்கு 24. அம்மாவுடைய மனுவில் 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமே இடம். 2002 இல் வந்த குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம் கொஞ்சம் உதவும்: மனு போட்ட நாளிலிருந்து அது அங்கீகரிக்கப்பட்ட நாள்வரை ஆன காலத்தைப் பிள்ளையின் வயதிலிருந்து கழிக்கலாம். அங்கீகாரத்துக்குப் பிறகு வரிசையில் நின்ற ஆண்டுகளைக் கழிக்க முடியாது. கழித்துப் பார்த்தும் அவன் 21 ஐத் தாண்டியிருந்தான். நாங்கள் மூவரும் கிளம்பினோம், அவன் மதுரையில் பாட்டியோடு இருந்தான்.

அம்மா இங்கே வந்ததும் கிரீன் கார்டுதாரராக அவனுக்கு மனுப் போட்டார். கிரீன் கார்டுதாரரின் 21 வயது கடந்த, மணமாகாத மகன் மகளுக்கு எஃப்2பி வகை உண்டு. ஆனால் அம்மா சிட்டிசன் ஆவதற்கு முன்னால் மகன் கல்யாணம் செய்துகொண்டால் அந்த மனு தானாகவே ரத்தாகும். கிரீன் கார்டுதாரரின் மணமான பிள்ளைக்கு என்று ஒரு வகையே சட்டத்தில் இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்துதான் பேசினோம். அண்ணன், "கல்யாணத்தை எட்டு வருஷம் தள்ளிப்போட முடியாதும்மா" என்றான். அம்மாவும் சரி என்றார். 2012 இல் கல்யாணம், மனு போயிற்று. 2014 இல் அம்மா சிட்டிசன் ஆனதும் மணமான மகனுக்கான எஃப்3 இல் புதிதாகப் போட்டோம். இதில் அண்ணியும் குழந்தையும் சேர்ந்தே வருவார்கள். 2025 இல் இந்தியாவுக்கான எஃப்3 இன்னும் 2014 ஐ நெருங்கவில்லை. அண்ணன் எடுத்தது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். அவனுக்கு ஒரு நல்ல குடும்பம் இருக்கிறது.

வேலை வழியாகக் கிரீன் கார்டு வாங்கப்போகும் பையன்கள் பெண்களின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கார்டு கைக்கு வருவதற்கு முன்னால் கல்யாணம் நடந்திருந்தால், துணைவர் அதே மனுவின் அடிப்படையில் பின்தொடர்ந்து வரலாம். கார்டு வந்த பிறகு கல்யாணம் என்றால் கிரீன் கார்டுதாரரின் கணவன் மனைவிக்கான எஃப்2ஏ வரிசையில் புதிதாக நிற்க வேண்டும். அந்த வரிசை 2019 நடுவிலிருந்து 2023 தொடக்கம்வரை காத்திருப்பே இல்லாமல் இருந்தது, அதன் பிறகு பல ஆண்டுகள் பின்னுக்குப் போனது. முகூர்த்தத் தேதி குறிக்கும்போதே இதையும் பேசிவிடுங்கள். பெண் வீட்டாருக்குச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை.

கணவருக்கு நான் போட்ட மனு இவற்றோடு ஒப்பிட்டால் சுலபம். நான் அதற்குள் சிட்டிசன். ஐ-130 மனுப் படிவமும், துணைவருக்கான ஐ-130ஏ படிவமும் போதும். இப்போது ஆன்லைனில் போடலாம். 2024 ஏப்ரல் கட்டணப்படி ஆன்லைனில் 625 டாலர், காகிதத்தில் 675. பின்னால் விசா விண்ணப்பத்துக்கு 325, வருபவரைப் பணவகையில் தாங்குவேன் என்னும் ஆதரவு உறுதிமொழிக்கு 120, பயணத்துக்கு முன் குடியேற்றக் கட்டணம் 235. ஆக ஆன்லைன் வழியில் ஒரு துணைவருக்கு 1,305 டாலர், மருத்துவப் பரிசோதனையும் பயணமும் தனி. தனிப்பட்ட சிக்கல் எதுவும் இல்லாத கணவன் மனைவி இதைத் தாங்களே செய்யலாம் என்பது என் கருத்து.

பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணத்தை அதிகாரிகள் நம்புவார்களா என்று பலர் பயப்படுகிறார்கள். இந்திய வழக்கங்கள் அவர்களுக்குத் தெரியாதவை அல்ல. கல்யாணத்துக்கு முன் அதிகம் பேசிப் பழகவில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. அழைப்பிதழ், நிச்சயதார்த்தம் முதல் மறுவீடு வரை இரு வீட்டாரும் தெரியும் படங்கள், கல்யாணத்துக்குப் பிறகு போய்வந்த விமான டிக்கெட்டுகள், பேசிக்கொண்ட அழைப்புப் பதிவுகள், ஒருவரை ஒருவர் வாரிசாகப் போட்ட காப்பீடு, இவையெல்லாம் சான்றுதான். தம்பதி மட்டும் நிற்கும் ஸ்டூடியோ படங்களைவிடப் பந்தியில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் படம் அதிகம் பேசும். கோயிலில் தாலி கட்டியிருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம்தானே, கல்யாணம் முடிந்த கையோடு அதை முடித்துவிடுங்கள்.

நம் ஆட்களுக்கு என்றே ஒரு தொல்லை உண்டு, பெயர். நமக்கு இனிஷியல் போதும். அமெரிக்காவுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருந்தால், உங்கள் பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயரில் போட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். பிறகு சோஷியல் செக்யூரிட்டி அட்டை, ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று போகும் இடமெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டும். என் கணவர் மனுப் போடும் முன்பே அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டார். திருமணச் சான்றிதழிலும் அதே எழுத்து. என்னிடம் வரும் எல்லோருக்கும் நான் சொல்லும் முதல் வேலை இதுதான்.

மனு அங்கீகாரம் ஆனதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். நம் ஆட்கள் என்விசி என்பார்கள். டிஎஸ்-260 விசா விண்ணப்பம், சான்றிதழ்கள், ஐ-864 ஆதரவு உறுதிமொழி எல்லாம் அங்கே ஆன்லைனில் ஏற்ற வேண்டும். எல்லாம் சரி என்று மெயில் வந்தால் அதற்குப் பெயர் டிக்யூ. இதில் ஐ-864 ஐ நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஸ்பான்சரின் வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். 2025 கணக்குப்படி இரண்டு பேர் குடும்பத்துக்கு 26,437 டாலர். குறைந்தால் இன்னொருவர் இணை ஸ்பான்சராக வரலாம். ஆனால் அந்தக் கையெழுத்தின் பொறுப்பு, வந்தவர் சிட்டிசன் ஆகும்வரையோ, சுமார் பத்து ஆண்டு வேலைக்கணக்கு சேரும்வரையோ தொடரும். விவாகரத்து ஆனாலும் போகாது. நண்பர் கேட்டாரே என்று போட்டுவிடும் கையெழுத்து அல்ல அது.

போலீஸ் கிளியரன்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பாஸ்போர்ட் அலுவலகத்தில் கிடைக்கும் பிசிசி மட்டும் போதாது. 16 வயதுக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் வேறு நாட்டில் இருந்திருந்தால் அங்கிருந்தும் வேண்டும். என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர், அதற்குத் தனியாக விண்ணப்பித்தோம். துபாய், தோஹா போய் வந்தவர்கள் இதைக் கடைசிக்கு வைக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனையோ நேர்மாறு, அவசரப்பட்டு முன்கூட்டியே எடுக்கக் கூடாது. அது வழக்கமாக ஆறு மாதம் செல்லும், விசாவின் காலமும் அதை ஒட்டியே அமையும். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம்தான் எடுக்க வேண்டும், சென்னையிலேயே உண்டு. நேர்காணலுக்கு மட்டும் மும்பை போக வேண்டும். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகம் அண்ணா சாலையில் கண் முன்னால் இருக்க, இதற்கு மும்பை ஏன் என்று மாமியார் கேட்டார். விசிட்டர், மாணவர் விசாவெல்லாம் சென்னையில் நடக்கும், குடும்பக் குடியேற்ற விசா மும்பையில்தான்.

நேர்காணல் முடிந்து விமானம் ஏறியதும் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் கால் வைக்கும் நாளில் கல்யாணம் ஆகி இரண்டு ஆண்டு நிறையவில்லை என்றால் கிடைப்பது இரண்டு ஆண்டு நிபந்தனைக் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவத்தைப் போட வேண்டும். முதல் நாளிலிருந்தே வாடகை ஒப்பந்தம், வங்கி, வருமான வரி எல்லாவற்றையும் இருவர் பெயரிலும் வைத்துக்கொண்டதால் எங்களுக்கு அது பாரமாக இல்லை.

பெற்றோரை அழைப்பது வேறு உலகம். கிரீன் கார்டுதாரரால் முடியாது, சிட்டிசன் ஆக வேண்டும், அப்பாவுக்கு ஒரு மனு, அம்மாவுக்கு ஒரு மனு. இதில் உயிர்நாடி பெற்றோரின் சான்றிதழைவிடப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். என் கணவருடையதில் அவர் பெயரே இல்லை, அம்மா பெயர் கமலா, பாஸ்போர்ட்டிலோ கமலாம்பாள். பெயரைச் சேர்த்து வாங்கி, மூத்த உறவினர்களின் அஃபிடவிட்டும் பள்ளிச் சான்றிதழும் வைத்தோம். மாமியாருக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. அந்தத் தலைமுறைக்குப் பதிவு இல்லை என்ற சான்றிதழும் அஃபிடவிட்டும் ஏற்கிறார்கள்.

ஆனால் காகிதத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது அவர்கள் வந்த பிறகு என்ன என்பதில். புதிதாக வந்த 65 வயதுக்காரருக்கு, முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரை விலை கொடுத்து வாங்கக்கூட ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவியான மெடிகெய்டுக்கும் பெரும்பாலும் ஐந்தாண்டுத் தடை. நடுவில் மருத்துவக் காப்பீட்டுச் சந்தையில் (மார்க்கெட்பிளேஸ்) காப்பீடு வாங்க வேண்டும், அதற்கு வந்தவுடன் சிறப்புப் பதிவுக் காலம் உண்டு. இந்தச் செலவைக் கணக்குப் போடாமல் மனுப் போடாதீர்கள். மாமனாருக்கு வயல் ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம். கிரீன் கார்டு அமெரிக்காவில் வாழ்பவருக்கானது. வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் கார்டைத் தக்கவைக்கலாம் என்பது தவறான நம்பிக்கை. நீண்ட காலம் ஊரில் இருக்க வேண்டி வந்தால் கிளம்பும் முன்பே இங்கிருந்தபடி மறுநுழைவு அனுமதி கேட்க வேண்டும், அது இரண்டு ஆண்டுவரை கிடைக்கும். ஊரில்தான் மனம் என்று உறுதியாகத் தெரிந்தால் விசிட்டர் விசாவே அவர்களுக்கு நிம்மதி. பெரியவர்களிடம் கேட்டு முடிவெடுங்கள்.

மனு நிலுவையில் இருக்கும்போது விசிட்டர் விசா கேட்கலாமா என்பது எனக்கு அடிக்கடி வரும் கேள்வி. கேட்கலாம், தடை இல்லை. ஆனால் விசிட்டர் விசா விண்ணப்பமான டிஎஸ்-160 இல் உங்களுக்காக யாராவது குடியேற்ற மனுப் போட்டிருக்கிறார்களா என்று கேட்பார்கள். உண்மையைத்தான் எழுத வேண்டும். திரும்பி வருவார் என்று அதிகாரிக்குத் தோன்றுவது அப்போது கடினமாகும். பொய் எழுதினால் பின்னால் வரும் கிரீன் கார்டையே அது கெடுக்கும்.

வழக்கறிஞர் எப்போது வேண்டும்? முன்பு விசா காலம் தாண்டித் தங்கியவர், எங்காவது கைதானவர், முதல் மணவிலக்கின் காகிதம் தெளிவில்லாதவர், 21 ஐ நெருங்கும் பிள்ளை உள்ளவர், இவர்கள் கண்டிப்பாகப் பணம் செலவழிக்க வேண்டும். அண்ணன் மகளுக்காக நாங்களும் ஒருவரைப் பார்த்து வயதுக் கணக்கைப் போட்டு வைத்திருக்கிறோம். சட்ட ஆலோசனை சொல்ல உரிமை உள்ளவர்கள் உரிமம் பெற்ற வழக்கறிஞர்களும் நீதித் துறை அங்கீகரித்த பிரதிநிதிகளும் மட்டுமே. டிராவல் ஏஜென்ட்டுக்கும், படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடைக்கும், எனக்கும் அது இல்லை. பணம் கொடுக்கும் முன் அவருடைய மாநில பார் (வழக்கறிஞர் கழகம்) பதிவைத் தேடிப் பாருங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது.