பழைய வண்டியைக் கொடுத்துப் பழைய வண்டி எடுக்கப் போறீங்களா? என் 23,000 போன கதை

கடைப் பெயரைப் போடவில்லை. தர்மபுரியில் பழைய பைக் வாங்கி விற்கும் ஒரு ஆட்டோ கன்சல்டிங், அவ்வளவுதான். இன்று மதியம் அங்கே நின்று கத்திவிட்டு வந்த சூட்டோடு எழுதுகிறேன். என் ஸ்பிளெண்டர் போச்சு, கூடவே 23,000 ரூபாயும் போச்சு.

ஸ்பிளெண்டர் 2008 மாடல். டேங்கில் ஹீரோ ஹோண்டா என்று எழுதியிருந்த காலத்து வண்டி. ஒரு வருஷம் புளி நல்ல விலைக்குப் போனபோது அப்பா என் பெயரில் எடுத்துக் கொடுத்தது. 15 வருஷம் முடிந்ததும் 2023இல் பசுமை வரி கட்டி, வண்டியைக் காட்டி, 2028 வரைக்கும் ஆர்.சி.யைப் புதுப்பித்து வைத்திருந்தேன். ஒரு குறையும் கிடையாது. எனக்குத்தான் பாலக்கோட்டில் இருந்து தினமும் ஓசூர் கம்பெனிக்குப் போய்வர அது போதவில்லை. ராயக்கோட்டை ரோட்டில் ஒரு லாரியை முந்துவதற்குள் உயிர் போய்விடும். மாற்றலாமா வேண்டாமா என்று நாலு மாதம் யோசித்தேன். "ஓடுற வண்டியை எதுக்குடா கொடுக்கிற?" என்று அப்பா ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

கடையில் 2012 யூனிகார்ன் நின்றது. என் வண்டியை 20,000க்கு எடுத்துக்கொண்டு மேலே 23,000 கேட்டார்கள். கடைக்காரர் டீ சொன்னார். "தம்பி, நானும் பாலக்கோட்டுக்காரன்தான். உங்களுக்குப் போய்த் தப்பான வண்டி கொடுப்பேனா?" அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். செல்ஃப் தொட்டதும் ஸ்டார்ட் ஆனது. இன்ஜினில் கை வைத்தேன், சூடாக இருந்தது. இப்போதுதான் ஒருத்தர் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார் என்றார். நம்பினேன். நான் வருகிறேன் என்று போன் பண்ணியதும், ஸ்டார்ட் பண்ணும்போது குறை தெரியாமல் இருக்கச் சூடேற்றி வைத்த வண்டி என்று அப்போது எனக்கு எங்கே தெரியும்? மீட்டரில் 38,000 கிலோமீட்டர். பிரேக் பெடலோ தேய்ந்து, மிதிக்கிற இடம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதையும் பார்த்தேன், 38,000 ஓடிய வண்டிக்கு இவ்வளவு தேயுமா என்று யோசிக்கத்தான் இல்லை. வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான 29, 30 ஃபாரங்களில் பெயரோ தேதியோ எழுதாமலே என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை ராயக்கோட்டை தாண்டியதும் பின்னால் வந்த பையன் ஹாரன் அடித்து, "அண்ணா, வண்டி புகை கக்குது" என்றான். திரும்பினால் நீலப்புகை. மெக்கானிக் ஆயில் குச்சியைத் துடைத்து உள்ளே விட்டு எடுத்தார், நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. இன்ஜினைப் பிரித்தால் பிஸ்டன் ரிங் காலி, பிஸ்டன் ஓடும் பிளாக் முழுக்கக் கோடு, ஏற்கெனவே ஒரு முறை பிளாக்கைக் கடைந்து போர் பண்ணிய வண்டி. புகை தெரியாமல் இருக்கக் கெட்டி ஆயில் ஊற்றி விற்றிருப்பார்கள் என்றார்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். முதல் நாள், "பழைய வண்டின்னா அப்படித்தான் தம்பி." அடுத்த முறை, ஓனர் சேலம் போயிருக்கிறார். அதற்கப்புறம் போனே எடுக்கவில்லை. மனைவி போனில் இருந்து அடித்தால் முதல் ரிங்கிலேயே எடுத்தார். என் குரலைக் கேட்டதும் சிக்னல் இல்லையாம். 23,000ஐயும் என் வண்டியையும் திருப்பிக் கொடுங்கள் என்றால், "உங்க வண்டி வித்தாச்சே." யாருக்கு என்று சொல்ல மாட்டார்கள். போன வாரம் எனக்கே சலான் வந்தது: கிருஷ்ணகிரியில் ஹெல்மெட் இல்லாமல் எவனோ ஓட்டியதற்கு 1,000 ரூபாய். ஸ்பிளெண்டர் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. யூனிகார்னை என் பெயருக்கு மாற்றவும் வழியில்லை. ஆர்.சி.யில் பழைய ஓனர் வாங்கிய ஃபைனான்ஸின் எச்.பி., அதாவது கடன் பதிவு, அப்படியே கிடக்கிறது. அதை நீக்க ஃபைனான்ஸ்காரர்கள் தர வேண்டிய என்.ஓ.சி. பத்து நாளில் வரும் என்றார்கள், ஆறு வாரம் ஆகிறது.

இன்று போனபோது நான் உட்கார்ந்த அதே ஸ்டூலில் வேறொருவர். கையில் டீ.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. இன்ஜின் ஆறியிருந்தால் மட்டும் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்; சூடாக இருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு ஃபைனான்ஸ் இருக்கிறதா பாருங்கள். வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டி கைமாறினால் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது கொடுத்தவர்தான், எனக்கே சலான் வந்த பிறகுதான் தெரியும். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்க வேண்டிய 500ஐ மிச்சம் பிடித்துத்தான் நான் 23,000ஐ விட்டேன்.

சலானையும் ஆர்.சி.யையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். காலையில் ஸ்டேஷனுக்குப் போகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.