ஒதுக்கிவிட்டுச் சாப்பிட முடியாத வெங்காயம்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். அவனுக்கும் ஐ.பி.எஸ். (Irritable Bowel Syndrome என்ற குடல் கோளாறு) என்று சொல்லிவிட்டார்களாம். குடல் மருத்துவர் லோ ஃபாட்மேப் உணவுமுறையை எழுதிக் கொடுத்திருக்கிறார். "மாப்ள, ஊர் ஊரா சுத்திக்கிட்டே நீ இதை முடிச்சவன். ஓட்டல்ல சாப்பிடுறவனால முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லு" என்றான். "முடியும்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது அவசரத்தில் சொன்ன பதில். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமென்றால் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

நான் அரிசி ஆலைகளில், நிறம் மாறிய அரிசியைப் பிரித்தெடுக்கும் கலர் சார்ட்டர் மெஷினுக்கு சர்வீஸ் பார்ப்பவன். கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், பட்டுக்கோட்டை என்று டெல்டா முழுக்க அலைச்சல். சம்பா அறுவடை முடிந்து ஆலைகள் ராப்பகலாக ஓடுகிற மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாள் வீட்டில் சாப்பிட்டால் பெரிது. வேறு வழியில்லாமல் அந்த மாதங்களில்தான் இதை ஆரம்பித்தேன்.

லோ ஃபாட்மேப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெல்பர்னில் இருக்கும் மோனாஷ் பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்தது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவைக் கிளப்பும் சில மாவுச்சத்துகளை இரண்டிலிருந்து ஆறு வாரம் வரை குறைத்து வைப்பது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்து எது ஆகவில்லை என்று கண்டுபிடிப்பது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பருப்பு வகைகளில் பெரும்பாலானவை, மாம்பழம், காலிஃபிளவர், முந்திரி எல்லாம் பட்டியலில் உண்டு. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே, கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை எடுத்துவிட வேண்டும். நிறுத்திய பிறகு எடுத்தால் அந்த முடிவை நம்ப முடியாது. என் மருத்துவர் முதலிலேயே எடுக்கச் சொன்னார், நல்லதாகப் போயிற்று.

பட்டியலைப் பார்த்தபோது பால்தான் என்னைக் கொல்லப் போகிறது என்று நினைத்தேன். கும்பகோணத்தில் காலை ஆறு மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு டிகிரி காபி குடிக்காமல் நகர்வது லேசான காரியமில்லை. ஆனால் பால் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று கண்ணுக்குத் தெரியும். டம்ளரைத் தொடாமல் இருந்தால் முடிந்தது. கோதுமையும் அப்படித்தான். பரோட்டா, சப்பாத்தி, பூரி, ரவா தோசை இவற்றைத் தாண்டிவிட்டால் நம் ஊரில் அரிசிக்குப் பஞ்சமில்லை.

வெங்காயமும் பூண்டும் அப்படியில்லை. மூன்று மாதம் என்னை வாட்டியது அவை இரண்டும்தான். அவற்றைவிட அதிகமாக வாட்டியது ஒரு வாக்கியம். "அதை மட்டும் ஒதுக்கி வெச்சிட்டுச் சாப்பிடுங்க சார்."

எத்தனை சர்வர்கள், எத்தனை ஆலை முதலாளிகள், எத்தனை சொந்தக்காரர்கள்! எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள், அது எனக்குத் தெரியும். சாம்பாரில் மிதக்கும் சின்ன வெங்காயத்தைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு, "இப்ப சரியா சார்?" என்று கேட்ட ஒரு பையனின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அவனிடம் எப்படி விளக்குவது? வெங்காயத்திலும் பூண்டிலும் தொல்லை கொடுக்கும் சத்து ஃபிரக்டான். அது தண்ணீரில் கரையும். சாம்பார் கொதிக்கக் கொதிக்க வெங்காயத்தை விட்டு இறங்கிக் குழம்போடு கலந்துவிடும். துண்டைத் தூக்கிப் போட்டு என்ன பயன்? பூண்டு தட்டிப் போட்ட ரசத்துக்கும் இதே கதைதான். வத்தக்குழம்பு, குருமா, சால்னா, பிரியாணி எதுவும் இதற்கு விதிவிலக்கில்லை. அடித்தளமே வதக்கிய வெங்காயம்.

எண்ணெயில் ஃபிரக்டான் கரையாது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குப் பாதிப் பாரம் குறைந்தது. பூண்டை எண்ணெயில் பொரித்து, தண்ணீர்ப் பொருள் எதுவும் சேர்வதற்கு முன்பே பூண்டை எடுத்துப் போட்டுவிட்டால், வாசனை எண்ணெயில் நிற்கும், தொல்லை பூண்டோடு போய்விடும். ஆக, "ஒதுக்கி வை" என்பது முழுக்கத் தவறான யோசனை இல்லை. இலையில் ஒதுக்கினால் வீண், வாணலியில் ஒதுக்கினால் பலன்.

ஓட்டல் வாணலிக்கு நான் எங்கே போவது? முதல் இரண்டு வாரம் என் சாப்பாடு இதுதான்: இட்லி அல்லது சாதா தோசை, கூடவே வீட்டிலிருந்து சின்ன எவர்சில்வர் டப்பாவில் எள்ளுப்பொடி. எள், மிளகாய், கறிவேப்பிலை, உப்பு மட்டும் போட்டு மனைவி இடித்துக் கொடுத்தது. ஓட்டல் இட்லிப் பொடியில் பூண்டு இருக்கலாம் என்பதால் அதைத் தொடவில்லை. தேங்காய்ச் சட்னியையும் விட்டுவிட்டேன், பொட்டுக்கடலை எவ்வளவு போடுகிறார்கள் என்று கணக்கில்லை. தோசைக்கல்லை வெங்காயத்தை வெட்டித் தேய்ப்பார்களே, அதற்கும் பயந்தேன். அந்த அளவு ஒரு பொருட்டே இல்லை, இது அலர்ஜி கிடையாது, அளவுதான் கணக்கு என்று உணவு ஆலோசகர் சொன்ன பிறகே நிம்மதி. ராத்திரி தள்ளுவண்டியில் ஆஃப் பாயில், மிளகுத்தூள் தூக்கலாக. ஆம்லெட் என்று சொன்னால் வாயை மூடுவதற்குள் வெங்காயம் விழுந்துவிடும்.

இட்லியில்கூட ஓர் ஆபத்து உண்டு. சாம்பார் வாளி. "சாம்பார் வேண்டாம்" என்று ஆர்டர் எடுத்தவரிடம் சொல்லியிருப்போம். வாளியோடு வருபவர் வேறு ஆள். கண்ணிமைக்கும் நேரத்தில் இட்லி மூழ்கிவிடும். வேண்டாம் என்று அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுக்கவும் மனம் வராது, சாப்பிடவும் முடியாது. மூன்றாவது வாரம் ஒரு நாள் பசி தாங்காமல் அப்படியே சாப்பிட்டேன். மறுநாள் முழுக்க ஆலை கழிப்பறைக்கும் மெஷினுக்கும் நடந்தேன். எல்லாம் பாழ் என்று நினைத்து முதல் நாளிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். அது தேவையே இல்லை. ஒரு வேளை தவறினால் மறுவேளையிலிருந்து தொடரலாம், வயிறு அடங்கச் சில நாள் ஆகும், அவ்வளவுதான். இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்கு மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். நண்பா, இதை மட்டுமாவது குறித்துக்கொள்.

ஒருமுறை கும்பகோணத்தில் ஒரு சர்வர் நான் விளக்கம் சொல்வதைப் பாதியிலேயே நிறுத்தி, "விரதமா சார்?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டேன். உடனே எல்லாமே மாறிப்போனது. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். எதில் வெங்காயம் இருக்கிறது, எதில் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வாளிக்காரரையும் தடுத்து நிறுத்தினார். வயிறு நிறைந்தது, ஆனால் உறுத்தலாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் பயன்படுத்தவில்லை. இரண்டு வாரமாக "டாக்டர் சொல்லியிருக்கார்" என்று கெஞ்சியபோது "கொஞ்சம்தானே சார், ஒண்ணும் ஆகாது" என்றவர்கள்தானே எல்லோரும்? சாமிக்கு என்றால் கிடைக்கிற மரியாதை ஒரு மனிதனின் வயிற்றுக்கு ஏன் கிடைப்பதில்லை? இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் அந்தச் சாமிதான் எனக்குச் சோறும் போட்டார். கோயில் மடைப்பள்ளியில் வெங்காயம், பூண்டு கிடையாது என்பது சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம், எனக்குத்தான் உறைக்கவில்லை. நான்காவது வாரத்தில் திருநாகேசுவரம் பக்கம் வேலை. உப்பிலியப்பன் கோயிலுக்குப் போனேன். அங்கே நைவேத்தியத்தில் உப்பே சேர்ப்பதில்லை. பெண் சின்னவள், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாது என்று மார்க்கண்டேய முனிவர் சொல்ல, உப்பில்லாமலே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று பெருமாள் அவளைக் கைப்பிடித்ததாகக் கதை. ஒரு வார்த்தைக்காக ஒரு மடைப்பள்ளியே இத்தனை காலமாக உப்பைத் தொடாமல் இருக்கிறது. பிரகாரத்தில் உட்கார்ந்து, புளியும் நல்லெண்ணெயும் ஊறிய புளியோதரையைக் கையில் வைத்துக்கொண்டு இதை நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. உப்பு இல்லாதது தெரியவே இல்லை. அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் பெருமாள் கோயில் எங்கே என்றுதான் முதலில் விசாரிப்பேன். கொண்டைக்கடலை போட்டிருந்தால் மட்டும் வாங்க மாட்டேன்.

இன்னொரு இடம் மன்னார்குடியில் ஒரு சின்ன மெஸ். நடத்துவது ஓர் அக்கா. என் பட்டியலை முழுக்கக் கேட்டுவிட்டு, "பிள்ளை பெத்தவளுக்கே பூண்டுதான் குடுப்போம், உனக்கு ஆகாதா தம்பி?" என்று ஆச்சரியப்பட்டார். அப்புறம் யோசித்துவிட்டு, "நீ பதினொரு மணிக்கு ஒரு போன் போடு. தாளிக்கிறதுக்கு முன்னாடியே உனக்கு எடுத்து வெச்சுடுறேன்" என்றார். நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இந்த யோசனை இல்லை. வெந்த பீன்ஸ், கேரட் எல்லாம் தாளிப்புக்குப் போகும்வரை சுத்தமாகத்தான் இருக்கின்றன. உச்சி வேளையில் போய் உட்கார்ந்துகொண்டு வெங்காயம் இல்லாமல் கேட்டால் எந்தச் சமையல்காரரால் கொடுக்க முடியும்? பதினொரு மணிக்குக் கேட்டால் முடியும். அந்த எண்ணெய் விஷயத்தையும் அக்காவிடம் சொன்னேன். மறுநாள் நல்லெண்ணெயில் நாலு பல் பூண்டைப் பொன்னிறமாகப் பொரித்து, பூண்டை எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் கடுகு, மிளகாய் தாளித்துச் சோற்றில் ஊற்றினார். இரண்டு மாதத்துக்குப் பிறகு பூண்டு வாசனையோடு சாப்பிட்ட சோறு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு வாரத்தில் முடிய வேண்டிய முதல் கட்டம் எனக்கு ஒன்பது வாரம் இழுத்தது. அதற்கப்புறம் ஒவ்வொன்றாகச் சோதித்ததில் தெரிந்தது: கோதுமை பரவாயில்லை. ஒரு டம்ளர் காபியில் இருக்கிற பாலும் பரவாயில்லை. சின்ன வெங்காயம் ஒன்றிரண்டு தாங்கும். ஆகாதது பூண்டும், நிறைய துவரம்பருப்பும். எட்டு வருடமாக எந்தச் சாப்பாட்டைக் குற்றம் சொல்வது என்று தெரியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தவனுக்கு இந்த விடை எவ்வளவு பெரிது என்று சொல்லத் தெரியவில்லை. கும்பகோணத்தில் மறுபடி டிகிரி காபி குடித்த அன்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். இந்த முறையைக் கண்டுபிடித்தவர்களுக்கு நான் கடமைப்பட்டவன்.

இத்தனை நல்லதும் சொல்லிவிட்டு, நண்பனுக்கு என் பதில் இதுதான்: வேண்டாம்டா. வெளியே சாப்பிட்டுக்கொண்டே இதைச் செய்யாதே. முதல் ஆறு வாரத்துக்கு லீவு போடு, இல்லையென்றால் வேலை குறைவான மாதத்துக்குத் தள்ளிப்போடு, வீட்டில் இருந்து முடி. முடியும் என்று போனில் சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

முந்தாநாள் மாலை நான்கு மணிக்கு இதை எழுத உட்கார்ந்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி எழுதியிருப்பேன். முந்தாநாள் ராத்திரி, வழக்கமாகப் போகும் ஓர் ஓட்டலில், ரசத்தில் பூண்டு உண்டா என்று மூன்று முறை கேட்டேன். "இல்ல சார், வெறும் மிளகு ரசம்" என்றார்கள். பாதி டம்ளர் குடித்த பிறகுதான் அடியில் தட்டிய பூண்டு தெரிந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். பரிமாறியவர் எட்டிப் பார்த்தார். "அது அடியிலதான சார் கெடக்கு, அதை விட்டுட்டு மேலாப்புல குடிங்க" என்றார்.

நேற்று ஆலைக்குப் போகவில்லை. இன்று திருவாரூரில் வேலை இருக்கிறது. டப்பாவில் எள்ளுப்பொடி இருக்கிறது, ஆறு இட்லி கட்டி வாங்கியாகிவிட்டது, ரசம் எங்கேயும் கேட்பதாக இல்லை.