துக்கத்துக்குப் பிறகு எழுத டயறி வேண்டாம், சி.ஆர் கொப்பி போதும்

வீட்டில் ஒரு சாவு, பெரிய சத்திரசிகிச்சை, வேலை பறிபோனது என்று ஏதோ ஒன்று நடந்து, நாள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே பிடிபடாமல் இருப்பவருக்கு உறவினர்கள் வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் டயறிதான். நல்ல மனது, பொருந்தாத சாமான். டயறியில் திகதி அச்சடித்திருக்கும். எழும்ப முடியாமல் ஐந்து நாள் கிடந்தால் ஐந்து பக்கம் வெறுமையாகப் பல்லைக் காட்டும். ஆறாம் நாள் அதைத் திறக்கவே கை வராது. சி.ஆர் கொப்பியில், அதாவது திகதி அச்சிடாத கெட்டி மட்டைக் கோட்டுக் கொப்பியில், அந்தத் தொல்லை இல்லை. எப்போது எழுத வருகிறதோ அப்போது திகதியைப் போட்டுத் தொடரலாம்.

திருகோணமலை மத்திய வீதி, என்.சி. வீதிப் பக்கத்துப் புத்தகக் கடைகளில் கேட்டால் 80, 120, 160, 200 பக்கம் என்று எடுத்துப் போடுவார்கள். 120 போதும். நாளுக்கு எதிரெதிரான இரண்டு பக்கம் என்றால் ஏறக்குறைய இரண்டு மாதம் வரும். 200 பக்கக் கொப்பி பாதியில் நின்றுவிடும், தூக்கித் திரியவும் பாரம்.

வாங்குமுன் நடுவில் விரித்துப் பாருங்கள். மடிப்பில் நூல் தெரிய வேண்டும். பசையில் மட்டும் நிற்கும் கொப்பி கச்சான் காற்றடிக்கும் காலத்து வெக்கையில் காய்ந்து தாள் தாளாகக் கழரும். நூல் கட்டிலும் ஒரு தாளைக் கிழித்தால் அதன் மறுபாதி தளர்ந்து பின்னால் விழும். ஆகவே பிழையாக எழுதியதை ஒரு கோட்டால் வெட்டுங்கள், கிழிக்க வேண்டாம். பேனை சாதாரண போல்பொயின்ட். ஜெல் பேனைகள் பலவற்றின் மை தண்ணீரில் கரையும். கார்த்திகை, மார்கழி மழையில் தாள் ஈரம் இழுத்தால் எழுத்து ஊறிப்போகும். அலுமாரியின் அடித்தட்டிலும் வைக்காதீர்கள், பூச்சி அரிக்கும்.

இனிப் பாவிக்கும் முறை. இடப்பக்கத்தில் தலைக்குள் நெருக்கும் எல்லாவற்றையும் ஒழுங்கில்லாமல் கொட்டுங்கள்: இறப்புச் சான்றிதழ்ப் பிரதி, கிராம அலுவலரின் கடிதம், சேமலாப நிதிப் படிவம், அடகு நகை, கறண்ட் பில், பிள்ளையின் ரியூசன் காசு, பதில் சொல்லாத தொலைபேசி அழைப்புகள். பிறகு ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: இன்று விட்டால் என்ன கெடும்? தவணை உள்ளதற்கு, உதாரணமாக அடகுக்கும் கிளினிக் நாளுக்கும், வட்டம். வேறொருவர் செய்யக்கூடியதற்குப் பக்கத்தில் அவர் பெயர். விட்டாலும் ஒன்றும் கெடாது என்பதற்கு எந்த அடையாளமும் வேண்டாம். பட்டியலில் பெரும்பகுதி அடையாளம் இல்லாமலே கிடக்கும். முன்பு நாளைத் தின்றவை அவைதான்.

வலப்பக்கத்தில் மூன்றே வரி. முதல் வரி உடம்புக்கு, இரண்டாவது வட்டம் போட்டதில் ஒன்று, மூன்றாவது ஒரு மனிதருக்கு: தங்கச்சியுடன் பத்து நிமிடக் கதை, பக்கத்து வீட்டு அன்ரியோடு கோயில். உடம்பு ஏன் முதலில் என்றால், நெருக்கடியில் முதலில் கைவிடப்படுவது அதுதான். ‘உடம்பைப் பார்க்க வேண்டும்’ என்று எழுதினால் நடக்காது. ‘ஏழு மணிக்கு முன் இடியப்பம், பிறகு கடற்கரையில் இருபது நிமிட நடை’ என்றால் நடக்கும். கந்தோர் அலுவலைக் காலை பத்து மணிக்குள் முடியுங்கள். அதற்குப் பிறகு வெயிலே பாதிப் பலத்தை உறிஞ்சிவிடும்.

பிழை வருவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். முடியாத வேலையை அடுத்த நாளுக்கும் அதற்கடுத்த நாளுக்கும் அப்படியே எடுத்தெழுதுவார்கள், மூன்று வரி பதினொன்றாகும், கொப்பி கடன்காரனாகிவிடும். மூன்றாம் முறையும் அதே வரி வந்தால் வேலை பெரிது என்று அர்த்தம். உடையுங்கள். ‘வங்கி அலுவல்’ என்பதை ‘வங்கிப் புத்தகத்தைத் தேடி எடுப்பது’ என்று மாற்றினால் அன்றைக்கே முடியும். உடைக்கவும் முடியாவிட்டால் இன்னொருவரிடம் கொடுங்கள்.

மருந்து நேரத்தை இதில் எழுதி நம்பியிருக்க வேண்டாம். கொப்பி கூப்பிடாது, அதற்குத் தொலைபேசி அலாரம்தான். மருத்துவர் எழுதும் கிளினிக் கொப்பியையும் இதையும் ஒன்றாக்கவும் கூடாது, ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் கையில் போகும். நித்திரையும் சாப்பாடும் இரண்டு கிழமைக்கு மேல் குழம்பிக் கிடந்தால் வைத்தியரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் இரண்டு கிழமையெல்லாம் காத்திருக்க வேண்டாம், உடனே தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள். அந்த இலக்கத்தைக் கொப்பியின் உள்மட்டையில் முதல் நாளே எழுதி வைக்கலாம்.

பாரிசவாதத்தால் கை பலவீனமானவருக்கு ஒற்றைக் கோட்டுக் கொப்பி சிரமம். அவருக்குச் சதுரக் கோட்டுக் கொப்பி வாங்குங்கள், இரண்டு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று பெரிதாக எழுதலாம்.